நியாயாதிக்கம் இல்லாத நீதிமன்றம் தந்த தீர்ப்பை எதிர்ப்பது எப்படி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணி, கடன், குடும்பம், குடியிருப்பு என்று எதற்காக நீதிமன்றம் போனாலும், தோற்ற பிறகு பலரும் கேட்பது ஒன்றுதான்: "இந்த வழக்கைக் கேட்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லையாமே, உண்மையா?" சில வழக்குகளில் அது உண்மை. பெரும்பாலானவற்றில் உண்மை இல்லை. உண்மையாக இருக்கும் இடங்களிலும் உரிய நேரத்தில் சொல்லாததால் பயனற்றுப் போவதுண்டு. கீழே இருப்பவை இலங்கைச் சட்டத்தின்படி, பெரும்பாலும் குடியியல் வழக்குகளைப் பற்றியவை. உங்கள் வழக்கேட்டைப் பார்த்து ஒரு சட்டத்தரணி சொல்லும் ஆலோசனைக்கு இவை ஈடாகா.

நியாயாதிக்கம் என்றால் என்ன?

ஒரு வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல ஒரு நீதிமன்றத்துக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம். அதை நான்கு பக்கமாகப் பார்க்க வேண்டும். இந்த வகை வழக்கை அந்த நீதிமன்றம் கேட்கலாமா? இந்த இடத்து விடயத்தைக் கேட்கலாமா? இந்தப் பெறுமதி அதன் வரம்புக்குள் வருகிறதா? எதிரில் நிற்கும் ஆளை முறைப்படி அழைத்ததா? இந்த நான்கில் எது தவறியது என்று சொல்லத் தெரியாமல் "நியாயாதிக்கம் இல்லை" என்று மட்டும் மனுவில் எழுதினால் எந்த நீதிபதியும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டமாட்டார்.

நீதிபதி என் காணி உறுதியைச் சரியாகப் பார்க்கவில்லை, சாட்சியை நம்பவில்லை. அது நியாயாதிக்கம் இல்லாத தீர்ப்புத்தானே?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் அதிகமான பணம் வீணாகிறது.

ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்குக் காணி வழக்கைக் கேட்க அதிகாரம் உண்டு. அதிகாரம் உள்ள நீதிமன்றம் சரியாகவும் தீர்ப்பளிக்கலாம், பிழையாகவும் தீர்ப்பளிக்கலாம். பிழையாக அளித்தால் அது பிழையான தீர்ப்பு, ஆனால் தீர்ப்புத்தான். மேன்முறையீட்டில் மாற்றப்படும் வரை அது உங்களைக் கட்டுப்படுத்தும். 1960 களின் உறுதியை நீதிபதி தவறாக வாசித்தார், எல்லை வரைபடத்தை ஏற்கவில்லை, எதிர்த்தரப்புச் சாட்சி பொய் சொன்னார் என்பவையெல்லாம் மேன்முறையீட்டுக் காரணங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு. அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் பெரும்பாலும் பின்னர் "நியாயாதிக்கம்" என்ற வாதத்தைத் தேடி எடுக்கிறார்கள். நீதிமன்றங்கள் இந்தத் தந்திரத்தைப் பல காலமாகப் பார்த்துச் சலித்தவை.

அப்படியானால் நியாயாதிக்கக் குறை இருந்தால் தீர்ப்பு தானாகவே செல்லாமல் போகுமா?

எந்த வகைக் குறை என்பதைப் பொறுத்தது. 1974 இல் வீடமைப்பு ஆணையாளர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தலைமை நீதியரசர் விக்டர் தென்னக்கோன் இந்த வேறுபாட்டை விரிவாக எடுத்துச் சொன்னார். அதன் பின்னர் வந்த தீர்ப்புகள் பலவும் அதையே அடியொற்றுகின்றன.

முதல் வகை, அடியோடு இல்லாத நியாயாதிக்கம். சட்டம் இந்த வகை விடயத்தை அந்த நீதிமன்றத்திடம் ஒப்படைக்கவே இல்லை. உதாரணமாக, அரசாங்க வர்த்தமானியில் குறித்த தொகைக்கு மேற்பட்ட வணிகக் கடன் வழக்கு கொழும்பில் உள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு உரியது. 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அதை அங்கே வைத்திருக்கிறது. அந்த வழக்கை மாவட்ட நீதிமன்றம் கேட்டுத் தீர்ப்பளித்தால், இரு தரப்பும் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் அதிகாரமாக மாறாது.

இரண்டாவது வகை, உள்ளே மறைந்திருக்கும் குறை. அந்த வகை வழக்கைக் கேட்கும் பொதுவான அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் இந்தக் குறிப்பிட்ட வழக்கில் இடமோ ஒரு முன்நிபந்தனையோ பொருந்தவில்லை. திருகோணமலையில் போட வேண்டிய கடன் வழக்கை வவுனியாவில் போட்டால் அது இந்த வகை. இத்தகைய குறையை எதிராளியின் மௌனம் நிவர்த்தி செய்துவிடும்.

எனக்கு மறுமொழி (வழக்குரைக்கு எதிராளி எழுத்தில் தரும் பதில்) தாக்கல் செய்தபோது இது தெரியாது. இப்போது, சாட்சி விசாரணை முடிந்த பிறகு சொல்லலாமா?

இரண்டாவது வகைக் குறை என்றால் பெரும்பாலும் முடியாது. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது: முதல்நிலை நீதிமன்றமொன்றில் எதிராளி மறுமொழி கூறிய பிறகு, எந்தத் தரப்பும் அந்த நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை ஆட்சேபிக்க முடியாது, நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இருப்பதாகவே கொள்ளப்படும்.

குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 76 ஆம் பிரிவையும் சேர்த்து வாசியுங்கள். வழக்குரையில் நியாயாதிக்கம் பற்றிச் சொல்லியிருப்பதை மறுக்க விரும்பும் எதிராளி, அதைத் தனியான, தெளிவான ஒரு மறுப்பாக எழுத வேண்டும். "மேற்சொன்னவை எல்லாவற்றையும் மறுக்கிறேன்" என்ற வழக்கமான ஒரு வரி போதாது. அவசரமாகத் தயாரித்த மறுமொழிகளில் இந்த ஒரு வரிதான் பலரைக் காலை வாரிவிடுகிறது.

39 ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வழக்காளி அந்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று தெரிந்துகொண்டே, வேண்டுமென்றே அங்கே வழக்குப் போட்டது விசாரணையில் வெளிப்பட்டால், நீதிபதி தன் தற்றுணிபின்படி வழக்கைத் தொடர மறுத்து, நடவடிக்கைகளை வெறிதானவை, அதாவது சட்டப்படி செல்லாதவை, என்று பிரகடனப்படுத்தலாம். இதை நிரூபிப்பது கடினம். ஆனால் வழக்குக்கு முன்பு நடந்த கடிதப் போக்குவரத்தில் சான்று கிடைப்பதுண்டு. பழைய கடிதங்களை எறிந்துவிடாதீர்கள்.

நான் திருகோணமலையில் இருக்கிறேன். லீசிங் கம்பெனி கொழும்பில் வழக்குப் போட்டிருக்கிறது. அது செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். கோவையின் 9 ஆம் பிரிவின்படி எதிராளி வசிக்கும் இடம், காணி அமைந்திருக்கும் இடம், வழக்கு எழுவதற்கான காரணம் ஏற்பட்ட இடம், நிறைவேற்றக் கோரும் ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் ஆகியவற்றில் எதன் எல்லைக்குள் இருக்கும் நீதிமன்றத்திலும் வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தில் கம்பெனியின் கடைசிக் கையெழுத்து கொழும்புத் தலைமை அலுவலகத்தில் இடப்பட்டிருந்தால், ஒப்பந்தம் கொழும்பில் செய்யப்பட்டது என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் திருகோணமலைக் கிளையில், என்.சி. வீதியில் இருந்த ஒரு மேசையில் கையெழுத்திட்டதாக இருக்கலாம். கேள்வி நீங்கள் எங்கே கையெழுத்திட்டீர்கள் என்பதல்ல, ஒப்பந்தம் எங்கே முழுமையடைந்தது என்பதுதான்.

ஒப்பந்தத்தில் "கொழும்பு நீதிமன்றங்களுக்கே நியாயாதிக்கம்" என்று அச்சிட்டிருந்தால்? சட்டப்படி அதிகாரமுள்ள இரண்டு நீதிமன்றங்களில் ஒன்றைத் தரப்பினர் தெரிவு செய்துகொள்ளலாம். அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் ஊட்ட முடியாது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் நடுத்தீர்ப்பு வாசகம் (பிணக்கை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பார் என்ற உடன்பாடு) இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5 ஆம் பிரிவின்படி, நடுத்தீர்ப்புக்கு ஒப்புக்கொண்ட விடயத்தில் ஒருவர் நீதிமன்றம் போனால், மற்றவர் ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு அதைக் கேட்கும் நியாயாதிக்கம் இல்லை. "ஆட்சேபித்தால்" என்பதைக் கவனியுங்கள். ஆட்சேபிக்காவிட்டால் வழக்கு நடக்கும். மறுபுறம், நடுத்தீர்ப்பாளர் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டார் என்றால், அது உங்கள் கைக்குக் கிடைத்து 60 நாட்களுக்குள் அதைத் தள்ளிவைக்குமாறு, அதாவது ரத்துச் செய்யுமாறு, மேல் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாகனத்தைப் பறித்துக்கொண்டு போகும் நாளில்தான் இந்தக் கடதாசியைத் திறந்து பார்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

எனக்கு அழைப்பாணையே வரவில்லை. வீட்டைப் பிடிக்கப் பிஸ்கால் (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வந்தபோதுதான் வழக்கு இருந்ததே தெரியும். என்ன செய்வது?

உண்மையில் வலுவான நியாயாதிக்க வாதம் இங்கேதான் இருக்கிறது. அழைப்பாணை சேர்ப்பிப்பதால்தான் நீதிமன்றத்துக்கு எதிராளி மீது அதிகாரம் வருகிறது. 1981 இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் எஸ். சர்வானந்தா, அழைப்பாணை சேர்ப்பிக்கப்படாமை நியாயாதிக்கத்தின் வேரையே தாக்கும் குறை என்று தீர்ப்பளித்தார். அவ்வாறு பெற்ற ஒருதலைத் தீர்ப்பு வெறிதானது. அதைத் தந்த நீதிமன்றத்திடமே தள்ளிவைக்கும்படி கேட்கலாம்.

இந்த மாவட்டத்தில் இது வெறும் கற்பனை அல்ல. 2006 இல் சம்பூரிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்த பின்னர் பல ஆண்டுகள் அந்த முகவரிகளில் யாரும் இருக்கவில்லை. ஆளில்லாத வீட்டின் முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அது திரும்பி வந்து, பின் பதிலீட்டுச் சேர்ப்பிப்பு என்று சொல்லி எங்கோ ஒட்டிவிட்டு, "சேர்ப்பிக்கப்பட்டது" என்று அறிக்கை வந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் காணிக்கும் இதே கதைதான். எதிராளி கனடாவில் என்று வழக்காளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் நிலாவெளி முகவரியை எழுதியிருந்தால், அந்த அறிவு எப்படி இருந்தது என்பதைக் காட்டும் ஆதாரம்தான் உங்கள் வழக்கின் உயிர்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் வழக்கேட்டைப் பரிசீலிக்கச் சட்டத்தரணி மூலம் பதிவாளரிடம் அனுமதி பெறுங்கள். அழைப்பாணை எந்த முகவரிக்குப் போனது, யார் சேர்ப்பித்தார், எந்தத் திகதியில், யார் கையெழுத்து என்பதை அறிக்கையிலும் சத்தியக் கடதாசியிலும் பாருங்கள். அந்தத் திகதியில் நீங்கள் வேறிடத்தில் இருந்ததற்குக் கடவுச்சீட்டு முத்திரை, இடம்பெயர்ந்தோர் அட்டை, கிராம அலுவலர் கடிதம், வாக்காளர் இடாப்பு எது இருந்தாலும் எடுங்கள். பிறகு அந்த நீதிமன்றத்திலேயே விண்ணப்பம்.

14 நாட்கள் என்கிறார்களே, அது எதற்கு?

கோவையின் 86(2) ஆம் பிரிவு. நீதிமன்றத்துக்கு வரத் தவறியமைக்காக வழங்கப்பட்ட தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான கட்டளை) உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், வராமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது என்று நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால், அது தள்ளிவைக்கப்படும். இந்தத் தவறுத் தீர்ப்புக்கு எதிராக நேரடியாக மேன்முறையீடு இல்லை. 86(2) விண்ணப்பத்தின் மீது வரும் கட்டளைக்கு எதிராகத்தான் மேன்முறையீடு.

14 நாட்கள் கடந்துவிட்டால் அழைப்பாணையே இல்லாத வழக்கில் கதவு முற்றாக மூடாது. வெறிதான தீர்ப்பைத் தள்ளிவைக்க நீதிமன்றத்துக்கு 839 ஆம் பிரிவின் கீழ் உள்ளார்ந்த அதிகாரம் உண்டு. ஆனால் தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்தும் 14 நாட்கள் சும்மா இருந்துவிட்டு, பிறகு உள்ளார்ந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொள்வது வேறு. அதில் வெற்றி கிடைப்பது அரிது.

இறந்தவர் மீது தீர்ப்பு வந்திருக்கிறது. செல்லுமா?

செல்லாது. வழக்குப் போட்டபோதே எதிராளி உயிரோடு இல்லை என்றால், அந்தத் தீர்ப்பு வெறிதானது. வாரிசுகள் மரணச் சான்றிதழுடன் அதே நீதிமன்றத்துக்குப் போகலாம். வழக்கு நடக்கும்போது இறந்தவர் விடயத்தில் வாரிசுகளைப் பதிலாகச் சேர்க்கும் நடைமுறை இருக்கிறது; அது நடந்ததா என்பதைப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு வெறிதானது என்று என் சட்டத்தரணி சொல்கிறார். அப்படியானால் நான் அதை மதிக்காமல் இருக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். வெறிதானது என்று தீர்மானிப்பது உங்கள் சட்டத்தரணி அல்ல, ஒரு நீதிமன்றம். தடைக்கட்டளையை மீறி வேலியைப் பிடுங்கி வளவுக்குள் போனால், பின்னர் அந்தக் கட்டளை ரத்தாகும்போது நீங்கள் நீதிமன்ற அவமதிப்பு விசாரணையில் நின்றுகொண்டிருப்பீர்கள். நிறைவேற்றலை நிறுத்தும் இடைக்காலக் கட்டளையை விரைவாகக் கேளுங்கள்.

எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பானால் மேன்முறையீடு கிழக்கு மாகாணத்தின் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கு. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி செய்தது. அதற்கு முன் எல்லோரும் கொழும்புக்கே போனார்கள். மேன்முறையீட்டு அறிவித்தல் 14 நாட்களுக்குள். தீர்ப்பு நாளையும் ஞாயிறு, பொது விடுமுறைகளையும் விட்டு எண்ணுங்கள். மேன்முறையீட்டு மனு தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாட்களுக்குள். இதில் விடுமுறைகளைக் கழிக்க முடியாது. அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 42 நாட்கள்.

காலம் தவறியவர்களுக்கு மீளாய்வு (கீழ் நீதிமன்றக் கட்டளையை மேலுள்ள நீதிமன்றம் திரும்பப் பார்த்துத் திருத்துவது) உண்டு. அது உரிமை அல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிபு. விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதைக் காட்ட வேண்டும். நியாயாதிக்கம் அடியோடு இல்லை என்பது அத்தகைய சூழ்நிலைகளில் முதன்மையானது. மோசடி, முக்கியமான தவறு போன்ற காரணங்களால் தீர்ப்புக்கு முன் இருந்த நிலைக்கு மீட்டுத் தரும்படி கேட்கும் நிவாரணம் ஒன்றும் இருக்கிறது. ரெஸ்டிட்யூஷியோ என்று சட்டத்தரணிகள் சுருக்கமாகச் சொல்வார்கள். அரசியலமைப்பின் 138 ஆம் உறுப்புரை அதைக் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. வழக்கில் தரப்பாக இருந்தவர்தான் கேட்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் அறியாதது. யாராவது அந்தப் பழைய தீர்ப்பை வேறொரு வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டினால், அதைத் தந்த நீதிமன்றத்துக்குத் தகுதி இல்லை என்றோ, மோசடியால் பெறப்பட்டது என்றோ அந்த வழக்கிலேயே நிரூபிக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு இடம் தருகிறது.

பிரிவிடல் வழக்குக்கும் (பலருக்குப் பொதுவான காணியைப் பங்கிடும் வழக்கு) இந்த 44 ஆம் பிரிவு பொருந்துமா?

பொருந்தாது. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் 48(3) அதை வெளிப்படையாக விலக்கிவிட்டது. பிரிவிடல் தீர்ப்பாணை ஊர் உலகத்துக்கே எதிராகச் செல்லும்; பங்குதாரர் ஒருவரைச் சேர்க்காமல் விட்டாலும் பெரும்பாலும் அது அசையாது. மீளாய்வும் மேலே சொன்ன மீட்பு நிவாரணமும் இதனால் பாதிக்கப்படா என்று அதே உட்பிரிவு சொல்கிறது. பிரிவிடல் வழக்கு நடப்பதாகக் காதில் விழுந்தால், அழைப்பாணைக்குக் காத்திராமல் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

66 வழக்கில் நீதவான் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். காணி என் பெயரில் இருக்கிறது. அவருக்கு என்ன அதிகாரம்?

உரிமையைத் தீர்மானிக்க அதிகாரம் இல்லை. ஆட்சியைத் தீர்மானிக்க அதிகாரம் உண்டு. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு சமாதானக் குலைவைத் தடுக்கவே இருக்கிறது. தகவல் தாக்கல் செய்யப்பட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவைதான் நீதிமன்றம் பார்ப்பவை. உறுதியைக் காட்டி வாதாடுவதில் பெரிய பயனில்லை. உரிமைக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்குப் போடலாம். 66 கட்டளை அதைத் தடுக்காது.

இந்தக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாது. அரசியலமைப்பின் 154P உறுப்புரையின் கீழ், திருகோணமலையில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். சமாதானக் குலைவுக்கான ஆபத்தே இல்லாத ஒரு தனிப்பட்ட தகராற்றை யாரேனும் 66 ஆக மாற்றியிருந்தால், அது நல்ல காரணம். ஆனால் அதை நீதவான் முன்பே எழுப்பியிருக்க வேண்டும். 1980 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதியரசர் சோசா, விசாரணையின்போது ஆட்சேபிக்காமல் விட்டது கைவிட்டதற்குச் சமம் என்று தீர்ப்பளித்தார்.

"விசாரணை மூன்று மாதங்களில் முடியவில்லை, ஆகவே அதிகாரம் போய்விட்டது" என்ற வாதத்தைக் கொண்டு வருபவர்களுக்கு: சட்டம் அந்தக் காலத்தைக் குறிப்பிடுவது உண்மை. ஆனால் அது நீதிமன்றத்துக்கான வழிகாட்டல் மட்டுமே, மீறினால் கட்டளை செல்லாமல் போகாது என்று 1982 இல் உயர் நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது.

அரச காணி என்று வெளியேறல் அறிவித்தல் வந்திருக்கிறது. திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்வது போன்ற நீதிமன்ற ஆணை, ரிட்) கேட்கலாமா?

மிக முக்கியமான கேள்வி. தவறான கதவைத் தட்டி ஆண்டுகளை இழந்தவர்கள் அதிகம்.

1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின்படி, தகுதிவாய்ந்த அதிகாரி அறிவித்தல் கொடுக்கிறார். நீங்கள் போகாவிட்டால் நீதவானிடம் விண்ணப்பிக்கிறார். நீதவான் முன் நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: அரசின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ எழுத்திலான வேறு அதிகாரமோ இருக்கிறது என்பது. "இது அரச காணியே அல்ல, எங்கள் பரம்பரைக் காணி" என்பதை அங்கே வாதாட முடியாது. காடு, தொல்லியல், கடற்கரை என்று காணிப் பிணக்குகள் நிறைந்த குச்சவெளி, மூதூர்ப் பக்கங்களில் இந்த ஒற்றைப் பிரிவு ஏற்படுத்தும் கசப்பை விவரிக்கத் தேவையில்லை. நீதவான் கட்டளைக்கு மேன்முறையீடும் இல்லை.

அறிவித்தலையே ரத்துச் செய்ய எழுத்தாணை கேட்கலாம். எங்கே? 2013 செப்டம்பரில் ஸ்டஃபோர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம், அரச காணி தொடர்பான வெளியேறல் அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை வழங்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லை என்று தீர்ப்பளித்தது. காணி மாகாணப் பட்டியலில் இருந்தாலும் அரச காணி மத்திய அரசிடம்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் மாகாணங்களுக்குக் காணி அதிகாரத்தைத் தந்தது என்று நம்பியவர்களுக்கு அது பெரும் அடி. ஆகவே 140 ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். நீதவான் ஏற்கெனவே பிறப்பித்த கட்டளையை மீளாய்வு செய்யும்படி மாகாண மேல் நீதிமன்றத்தைக் கேட்பது இதனின்றும் வேறான விடயம். இரண்டையும் ஒரே மனுவில் குழைக்காதீர்கள்.

காணி உங்களுடையதே என்றால், வெளியேற்றல் கட்டளைத் திகதியிலிருந்து 6 மாதங்களுக்குள் அரசுக்கு எதிராக உரிமை வழக்குப் போட 12 ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்த 6 மாதத்தைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி வையுங்கள்.

காதி நீதிமன்றம் தந்த தீர்ப்பு?

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டுமே பொருந்தும். கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள காதியார், பொதுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த விவாகத்தைக் கலைக்க முடியாது. முஸ்லிம் அல்லாதவரைத் தன் முன் நிறுத்தவும் முடியாது. அதுபோலவே அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த விவாகத்தை மாவட்ட நீதிமன்றம் கலைக்க முடியாது. காதியார் தீர்ப்புக்கு எதிராகக் காதிகள் சபை, பின் மேன்முறையீட்டு நீதிமன்றம்.

கோயில் நிர்வாக சபை, பொலிஸ், மத்தியஸ்த சபை ஆகியவற்றின் முடிவுகள்?

முதலிரண்டும் தீர்ப்புகளே அல்ல. பொலிஸ் நிலையத்தில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து எழுதிக்கொடுக்கும் கடதாசி உங்கள் காணியை யாருக்கும் கொடுக்காது. மத்தியஸ்த சபை இணக்கம் காணும் இடம், தீர்ப்பளிக்கும் இடமல்ல. ஆனால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறித்த பெறுமதிக்குக் குறைந்த பிணக்குகளில் அங்கே போய் இணக்கமின்மைச் சான்றிதழ் பெறாமல் வழக்குப் போடக் கூடாது. அந்தச் சான்றிதழ் இல்லாத வழக்கு உங்கள் மீது வந்தால் மறுமொழியிலேயே எழுதுங்கள்.

பல ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. இனிப் பயனில்லையா?

1982 இல் எழுத்தாணை வழக்கொன்றில் நீதியரசர் சர்வானந்தா, கட்டளை நியாயாதிக்கம் இன்றிப் பிறப்பிக்கப்பட்டிருந்தால் தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்க நீதிமன்றம் தயங்கும் என்று சொன்னார். அதைப் பலமாகப் பிடித்துக்கொள்ளலாம். ஆனாலும் உங்கள் தாமதத்துக்கு விளக்கம் வேண்டும்: எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள் என்பது திகதியுடன். "யுத்தம்" என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டு நிற்பது 2009 க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு விளக்கமாகாது.

நியாயாதிக்கம் இல்லை என்று வென்றுவிட்டேன். கடன் ஒழிந்ததா?

தீர்ப்பு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. வழக்காளி சரியான நீதிமன்றத்தில் மீண்டும் வழக்குப் போடலாம், முன்னைய தீர்ப்பு அதற்குத் தடையாகாது. அவருக்கு எதிராக இருக்கக்கூடியது காலாவதி: 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி எழுத்திலான ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 6 ஆண்டுகள். அது கடந்திருந்தால் உங்கள் வெற்றி நிலைக்கும். கடந்திராவிட்டால், வழக்குச் செலவுக்கு மேல் செலவழித்து ஓரிரு ஆண்டுகளை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள். போராடத் தொடங்குமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை. எங்கே போவது? என்ன கொண்டுபோவது?

1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலும் இயங்குகிறது. வருமானத்தைப் பொறுத்து இலவசமாகத் தோன்றுவார்கள். தீர்ப்பு, தீர்ப்பாணை, வழக்குரை, மறுமொழி ஆகியவற்றின் சான்றுப்படுத்திய பிரதிகள், அழைப்பாணை அறிக்கை, வழக்கேட்டில் உள்ள நாளாந்தக் குறிப்புகள் முழுவதும், உங்கள் அடையாள அட்டை, வருமானத்துக்கான கிராம அலுவலர் சான்று ஆகியவற்றுடன் போங்கள். சான்றுப்படுத்திய பிரதிகளுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். நீங்கள் அவற்றுக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.